மர்மக் காய்ச்சலும் எங்கள் கைத்தொலைபேசிகளும்

2024 டிசம்பர் மாதத்தின் இரண்டாவது கிழமை. நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் வடிந்து, முற்றத்துச் சேறு காயத் தொடங்கியிருந்த நேரம். கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில் நான்கு வயது மகன் காய்ச்சலோடு படுத்திருந்தான். அது இரண்டாம் நாள். இரவு ஒன்பது மணிபோல் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசுபவர் யாரென்று தெரியாது. எங்கள் பக்கத்துத் தமிழ் பேசும் ஒரு பெண்ணின் குரல்.

"யாழ்ப்பாணத்தில மர்மக் காய்ச்சல் பரவுது. மூன்று நாளில ஆள் முடியுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஆக்கள் திரும்பி வரேல்ல. பிள்ளையளை வெளியில விடாதேங்கோ. இதை எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கோ."

அதை நான் நான்கு தடவை கேட்டேன். பிறகு ஏழு பேருக்கு அனுப்பினேன்.

இப்போது ஒரு வருடம் கடந்துவிட்டது. மகன் நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஒரு கிழமையில் எங்கள் வீட்டில் நடந்தவற்றை நினைக்கும்போதெல்லாம் ஒரு விடயம் உறுத்துகிறது. பிள்ளைகள் தொலைபேசிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கதைக்கிறோம். பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் கோயில் வீதிகளிலும் அதே கதைதான். ஆனால் அன்று இரவு தொலைபேசியைக் கீழே வைக்க முடியாமல் இருந்தது என் பிள்ளைகள் அல்ல, நான்.

முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்த நாட்களில் காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தது உண்மை. டிசம்பர் நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர் இறந்திருந்தார்கள். மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டு அது எலிக்காய்ச்சல் என்று சுகாதாரத் துறையினர் அந்தக் கிழமைக்குள்ளேயே அறிவித்தார்கள். எலிக்காய்ச்சலில் மர்மம் எதுவும் இல்லை. எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, காயம் வழியாக உடலுக்குள் போகும். வயலில் இறங்குபவர்களுக்கும் வெள்ளத்தில் நடந்து திரிந்தவர்களுக்கும் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சளிக்காய்ச்சல்போலத் தொற்றுவதில்லை. காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

இவ்வளவையும் ஒரு நிமிடக் குரல் பதிவில் தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பு "மர்மம்" என்ற சொல் வந்துவிட்டது. செய்தித் தளங்களின் தலைப்புகளில் அந்தச் சொல் இருந்தது. யூடியூப் காணொளிகளின் முகப்புப் படங்களில் சிவப்பு எழுத்தில் இருந்தது. எலிக்காய்ச்சல்தான் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் பழைய தலைப்புகள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருந்தன. திருத்தம் வந்தது. ஆனால் பயம் போன இடமெல்லாம் திருத்தம் போகவில்லை.

காய்ச்சல் இறங்கிய நாள்

மகனுக்கு வந்தது எலிக்காய்ச்சல் அல்ல. டெங்கு. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது.

மூன்று நாட்கள் காய்ச்சல் நெருப்பாகக் காய்ந்தது. பனடோல் கொடுத்தேன். இறங்கி ஏறியது. பிரான்சில் இருக்கும் அக்கா காணொளி அழைப்பில் வந்து பப்பாசி இலைச்சாறு கொடுக்கச் சொன்னா. கணவரின் நண்பர் ஒருவர் வேறொரு வலி மாத்திரையின் படத்தை அனுப்பி, அதில் பாதி கொடுத்தால் காய்ச்சல் உடனே நிற்கும் என்றார். நல்லகாலம், அந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடையில் இருக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் பரசிற்றமோல் தவிர்ந்த அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக் கசிவை ஏற்படுத்தக்கூடியவை என்பதைப் பின்னர் வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன்.

இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று எனக்கும் தோன்றியதுதான். ஆனால் அம்மா விடவில்லை. அந்தக் குரல் பதிவை அம்மாவும் கேட்டிருந்தா. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ஆக்கள் திரும்பி வரேல்ல" என்ற வரி அம்மாவின் நெஞ்சில் விழுந்த விதம் வேறு. 2009 தை மாதக் கடைசியில், எறிகணைக் காயத்தோடு இருந்த என் தம்பியை அம்மா கொண்டு போனது புதுக்குடியிருப்பு வைத்தியசாலைக்கு. அந்த நாட்களில் அந்த வைத்தியசாலையே திரும்பத் திரும்ப எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. அம்மா திரும்பி வந்தா. தம்பி வரவில்லை. அதன் பிறகு தன் காலில் நடந்து எந்த வைத்தியசாலைக்கும் அம்மா போனதில்லை. "வீட்டில வைச்சுப் பாப்பம் பிள்ளை" என்று அம்மா சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. அம்மா விபூதி பூசினா. நான் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, அக்காவுக்கு "காய்ச்சல் விட்டிட்டுது" என்று அனுப்பினேன். மகன் சோர்ந்து படுத்திருந்தான். காய்ச்சல் விட்ட களை என்று நினைத்து, அவன் கேட்டதும் தொலைபேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அசையாமல் இருந்ததற்குக் காரணம் கார்ட்டூன் என்று நான் நினைத்தேன்.

பத்து மணிபோல் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தா. பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்க்க வந்தவ, மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தா.

"எத்தினையாம் நாள்?"

"நாலாம் நாள் மிஸ். இப்ப காய்ச்சல் விட்டிட்டுது."

அவவின் முகம் மாறியது. மகனின் கையைப் பிடித்துப் பார்த்தா. "கை குளிருது. கடைசியா எப்ப சலம் போனவன்?"

எனக்கு நினைவில்லை. இரவு போனானா, காலையில் போனானா? அவன் கையில் இருந்த திரையில் எத்தனை காணொளி ஓடியது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"வயிறு நோகுதோ அப்பன்?" என்று கேட்டா. அவன் தலையாட்டினான். என்னிடம் அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"தங்கச்சி, டெங்கு எண்டால் காய்ச்சல் விடேக்கதான் பயம். இப்பவே வெளிக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, 1990 இலவச அம்பியுலன்ஸ் சேவைக்குத் தானே அழைப்பு எடுத்தா. அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, இது அந்தக் காலம் இல்லை. நானும் பின்னால வாறன்" என்றா. அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதையை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருக்கிறது.

வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டு நாட்களும் தாதியர்கள் மணிக்கு மணி இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள், உள்ளே போகும் நீரைக் கணக்குப் பார்த்தார்கள். "அரைநாள் பிந்தியிருந்தால் கஷ்டமாகியிருக்கும்" என்று வைத்தியர் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். மாரி காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாளுக்குள் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். டெங்கின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. விடாத சத்தி, வயிற்று வலி, முரசில் அல்லது மூக்கில் இரத்தம், கைகால் குளிர்தல், சலம் குறைதல், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அந்தரம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுக்கலாம். சிவப்பு, மண்ணிற பானங்கள் வேண்டாம். பிள்ளை சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போய்விடும்.

வீட்டில் இருந்த மற்றப் பிள்ளை

நாங்கள் வைத்தியசாலையில் இருந்தபோது ஒன்பது வயது மகள் அம்மாவோடு வீட்டில் இருந்தாள். பாடசாலை விடுமுறை. அக்கா முன்பு அனுப்பிய பழைய தொலைபேசி அவளிடம் இருந்தது. நான் அழைத்தால் எடுப்பதற்காக அதை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

அவள் யூடியூப்பில் "காய்ச்சல்" என்று தேடியிருக்கிறாள். முதலில் ஒரு வைத்தியரின் காணொளி வந்திருக்கிறது. அடுத்ததாக "மர்மக் காய்ச்சல்". அதற்கடுத்ததாக ஒரு மரண வீடு. பிறகு இன்னொரு மரண வீடு. இந்தச் செயலிகள் வேலை செய்யும் முறை இதுதான். ஒரு பிள்ளை ஏன் ஒரு காணொளியைப் பார்க்கிறாள் என்று அவை கேட்பதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதையே முக்கியமாகக் கணக்கெடுக்கின்றன. பயந்துபோய்க் கண்ணை எடுக்க முடியாமல் இருப்பவளும் விரும்பிப் பார்ப்பவளும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

அதோடு நிற்கவில்லை. வைத்தியசாலைக்கு எங்களைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெடியன் ஒருவன், சேலைன் ஏறிக்கொண்டிருந்த மகனைப் படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டான். "எங்கள் செல்லத்துக்காகப் பிரார்த்தியுங்கள்" என்று எழுதியிருந்தான். அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் கருத்து எழுதியிருந்தார்கள். மேலே எழுதியிருந்ததை வாசிக்காமல் படத்தை மட்டும் பார்த்த மூன்று நான்கு பேர் "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார்கள்.

மகள் அதை வாசித்தாள்.

அவள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. நான் தொலைபேசியில் "தம்பி சுகமாயிருக்கிறான்" என்று சொன்னபோது "ஓம்" என்று மட்டும் சொன்னாள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மரணத்தை மறைப்பார்கள் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தம்பி மாமா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம் நாங்கள் பேச்சை மாற்றியிருக்கிறோம். இரண்டு நாட்கள் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, இரவில் படுக்கவில்லை என்று அம்மா சொன்னா. ஆறாம் நாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் ஓடி வரவில்லை. கதவடியில் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து அவனுடைய காலைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று இரவுதான் கேட்டாள். "அம்மா, தம்பி செத்திட்டான் எண்டு போன்ல போட்டவை. நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

நம்புவதற்கு யார் இருந்தார்கள்?

இணையத்தில் வரும் எல்லாவற்றையும் நம்புகிறார்கள், அறியாமை என்று எங்கள் சனங்களைப் பற்றிச் சொல்வது இலகு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்கள் தலைமுறை வதந்தியை நம்பியது அறியாமையால் அல்ல. உயிர் தப்புவதற்கு வேறு வழி இருக்கவில்லை.

2009 இல் எனக்குப் பதினேழு வயது. தை 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தபோது நாங்கள் ஏற்கெனவே விசுவமடுவில் இருந்தோம். அங்கிருந்து புதுக்குடியிருப்பு, பிறகு புதுமாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால். வன்னிக்குள் கைத்தொலைபேசி இருக்கவில்லை. பத்திரிகையாளர்கள் வெளியிலிருந்து வரமுடியாது. எந்தப் பாதை, எந்த இரவு, எந்தப் பக்கம் என்பதெல்லாம் வாய்வழியாக வந்ததுதான். அரச வானொலி "பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்த இடங்களுக்குப் போனவர்கள்மீது அங்கேயே எறிகணைகள் விழுந்தன. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கையும் இதைப் பதிவு செய்திருக்கிறது. உத்தியோகபூர்வ அறிவித்தலை நம்பியவர்கள் செத்தார்கள். ஓடிவந்த ஒருவர் மூச்சுவாங்கச் சொன்னதை நம்பிய நாங்கள் தப்பினோம். வாய்ச்சொல்லை நம்பிப் போய்ச் செத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தப்பியவர்கள்தானே பிறகு கதை சொல்கிறோம்.

செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவியபோதும் இதே நிலைதான். எந்தத் தண்ணீர் குடிக்கலாம், எந்த வரிசையில் மருந்து கிடைக்கும் என்பதெல்லாம் கூடாரத்துக்குக் கூடாரம் கடந்து வந்த செய்திகள். முட்கம்பிக்குள் இருந்த தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே முதலில் வரும் குரலை நம்பு, உடனே மற்றவர்களுக்குச் சொல் என்பது எங்கள் உடம்பில் ஊறிய பழக்கம். அன்று அது எங்களைக் காப்பாற்றியது. அதே பழக்கம் இன்று வட்ஸ்அப்புக்குள் வந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அன்று சொன்னவரின் முகம் எங்களுக்குத் தெரியும். பொய் என்றால் அடுத்த நாள் அவரிடமே கேட்கலாம். இன்று சொல்பவருக்கு முகம் இல்லை.

இந்தப் பழக்கத்தை மாற்றவேண்டிய பொறுப்பு எங்களுக்கு மட்டும் அல்ல. நம்பத்தக்க குரல் ஒன்று எங்கள் மொழியில், நேரத்துக்கு, நாங்கள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். சுகாதாரத் துறையின் அறிவித்தல் ஒன்று கடிதத் தலைப்பில், யாருக்கும் புரியாத அலுவலகத் தமிழில், படமாக எடுக்கப்பட்டு இரண்டு நாள் பிந்தி வந்தால் அதை யார் வாசிப்பார்கள்? எங்கள் மாவட்டங்களில் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்து சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களை எங்கள் சனம் மறக்கவில்லை. அப்படியான ஒருவரின் குரலில், ஒவ்வொரு மாரியிலும், நாளுக்கு ஒரு நிமிடம் வந்தால் அந்த முகமில்லாப் பெண்ணின் குரலை நான் ஏன் ஏழு பேருக்கு அனுப்பப் போகிறேன்?

ஊடகங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தக் கட்டுரை வரும் தளம் போன்றவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். காரணம் தெரிந்த பிறகும் "மர்மம்" என்ற சொல் ஏன் தலைப்பில் இருந்தது?

தடை செய்தால் தீருமா?

அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. அங்கிருக்கும் எங்கள் உறவினர்கள் அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பலர் கதைக்கிறார்கள்.

பெற்றோராக எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் தமிழராக எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது, 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின்போது எனப் பல தடவை அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் பாதுகாப்பும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எது பொய், எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் போகிறது என்று ஊடகவியலாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அப்போதே கேட்டார்கள். நினைவுகூரும் படம் ஒன்றை முகநூலில் போட்டதற்காகப் பெடியள் கைதான மண் இது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை அம்மாமார் ஏந்தி நிற்பதை உலகம் பார்ப்பதும் இதே திரைகளில்தான். ஆகவே எங்கள் வீட்டுத் தொலைபேசியைக் கட்டுப்படுத்தும் வேலையை அரசிடம் முழுமையாகக் கொடுத்துவிட என்னால் முடியவில்லை.

வயதெல்லை இப்போதும் இருக்கிறது. முகநூல், டிக்டொக் போன்றவற்றில் பதின்மூன்று வயதுக்குக் கீழ் கணக்குத் திறக்க முடியாது. என் பிள்ளைகள் எந்தக் கணக்கும் திறக்கவில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் என்னுடைய கணக்கில். சட்டம் வந்தாலும் எங்கள் ஊரில் நடக்கப்போவது அதுதான்.

தொலைபேசி இந்தப் பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் குளக்கட்டுகளிலும் மரங்களிலும் ஏறினார்கள். தொலைபேசி இல்லாத வீடுகளில் கடன்பட்டு வாங்கினோம். பாடசாலை திறந்தது, ஆனால் வீட்டுப்பாடம் இன்னும் வட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. கணவர் வவுனியாவில் கட்டட வேலை. கிழமைக்கு ஒருநாள் வருவார். நான் தையல் தைக்கிறேன். நான் ஒரு சட்டை தைத்து முடிக்கும் வரை சின்னவனை வைத்திருப்பது அந்தத் திரைதான். இரண்டு முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பரிந்துரைத்தது. அது சரியான பரிந்துரை. ஆனால் மிச்ச மணித்தியாலங்களில் அந்தப் பிள்ளையோடு இருப்பது யார்? வேலைக்குப் போகும் தாய்க்கும், கணவனை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் ஊரில் ஒரு ஒழுங்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் இல்லாத வரையில் அந்தப் பரிந்துரை குற்ற உணர்ச்சியை மட்டும்தான் தரும்.

இன்னொன்றும் உண்டு. வறிய குடும்பங்களுக்கு உதவி செய்கிறோம் என்று வந்து, அவர்களுடைய கண்ணீரையும் பிள்ளைகளின் முகங்களையும் காணொளியாக்கும் யூடியூபர்கள் பற்றி 2025 இல் யாழ்ப்பாணத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. மகன் இருந்த விடுதியிலேயே ஒரு தாய் என்னிடம் கேட்டா, "உங்கட பிள்ளையின்ர படம் போட்டதால காசு ஏதும் வந்ததோ தங்கச்சி?" அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளிப் பிள்ளையின் படத்துக்கு வெளிநாட்டிலிருந்து காசு வரும் என்பதை அவவுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். அப்படியான ஊரில், படம் எடுக்காதே, பகிராதே என்று பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில்

அந்தக் கிழமைக்குப் பிறகு வீட்டில் சிலவற்றை மாற்றினோம். பிள்ளைகளின் படத்தை எங்களைக் கேட்காமல் யாரும் போடக்கூடாது என்று உறவுகளுக்குச் சொன்னோம். பிரான்சில் இருக்கும் அக்கா ஒரு மாதம் கோபமாக இருந்தா. சுகமில்லாத பிள்ளையின் கையில் தொலைபேசி கொடுப்பதில்லை. அவன் அந்தரப்படட்டும், அழட்டும், எங்கே நோகுது என்று சொல்லட்டும். யூடியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்தி வைத்தோம். அதை எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்டித் தந்தது மகள்தான். காய்ச்சல் தொடங்கும் நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வைக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம் என்று சொன்னால் அது பொய். தைப்பொங்கல், சித்திரை வருடம் என்று தையல் குவியும் நாட்களில் சின்னவன் இரண்டு மூன்று மணித்தியாலம் திரையோடு இருக்கிறான். ஆனால் மகளிடம் எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்தோம். தம்பி மாமாவுக்கு என்ன நடந்தது என்பதையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தா. வீட்டில் உண்மை சொல்லாவிட்டால் பிள்ளை அதைத் தேடித் தொலைபேசிக்குத்தான் போவாள் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம்.

கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் பக்கத்திலும் வெள்ளம். தண்ணீர் வடிந்து நான்காம் நாள் வழமைபோல ஒரு குரல் பதிவு வந்தது. கிணறெல்லாம் கிருமியாம், பிள்ளைகளுக்கு ஊசி போட வருவார்களாம், போட விடக்கூடாதாம். இந்த முறை ஒரு ஆணின் குரல்.

மகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, ஆர் சொன்னதெண்டு இதில இருக்கோ?" என்று கேட்டாள்.

இருக்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தருக்கு அழைப்பு எடுத்தேன். ஊசி பற்றி எந்தத் திட்டமும் இல்லை, வெள்ளம் புகுந்த கிணறுகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து குளோரின் இடுவார்கள், அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னா. வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றிப் பரிசோதகரிடம் கேட்கவேண்டும் என்றும் சொன்னா. "மிஸ், இதை உங்கட பேரைச் சொல்லி ஒரு வொய்ஸ் போட்டு விடுங்கோ, நான் ஆக்களுக்கு அனுப்புறன்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அனுப்பினா. நாற்பது விநாடி.

முன்பு மர்மக் காய்ச்சலை அனுப்பிய அதே ஏழு பேருக்கும் அதை அனுப்பினேன். மூன்று பேர் திருப்பி அழைப்பு எடுத்தார்கள். அதில் ஒருத்தியின் பிள்ளைக்கு அன்று காய்ச்சல். "எத்தினையாம் நாள்?" என்று கேட்டேன்.